கடுகளவு உயிரைப் படம் பிடிக்கலாம், வாருங்கள்!

"அம்மா... ஒடஞ்சு போச்சும்மா!"

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக என் மூத்தவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். பனியன் அட்டைப் பெட்டிக்குள் தெர்மகோல் ஒட்டி, நடுவில் குண்டூசி குத்தி, காலையில் ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போன வண்ணத்துப்பூச்சி. ஸ்கூல் வேனில் குலுங்கிக் குலுங்கி நாலு துண்டாகிக் கிடந்தது. பெட்டியின் அடியில் மஞ்சளும் கறுப்புமாகக் கொஞ்சம் பொடி. அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பில் 'பூச்சி சேகரிப்பு' என்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பத்துப் பூச்சி வேண்டுமாம். மொட்டை மாடித் தொட்டி ஓரத்தில் தானாகச் செத்துக் கிடந்தது இந்த ஒன்றுதான். மிச்சம் ஒன்பதுக்கு என்ன செய்வது? ராத்திரி பாயைப் போட்டுப் படுத்த பிறகு அவள் கேட்டாள்: "ஏம்மா, கொன்னாத்தான் படிக்க முடியுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சகோதரிகளே. அவள் அப்பாவைக் கேட்கச் சொன்னேன். அவரோ, "அம்மாவைக் கேளு கண்ணு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்!

இன்னொரு சங்கடமும் இருந்தது. பூச்சிப் பெட்டியை எறும்பும் பாச்சையும் அரிக்காமல் இருக்க உள்ளே நாலு பாச்சை உருண்டை போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ தொட்டிலில் மூணு மாசக் கைக்குழந்தை. எதிர்வீட்டு அக்கா நர்ஸாக வேலை பார்த்தவர். பெட்டியைப் பார்த்ததும், "அம்மிணி, அந்த உருண்டையை மொதல்ல வெளியில எறி" என்றார்.

காரணம் இதுதான். பாச்சை உருண்டைகளில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுக்களில் ஜி-6-பி-டி என்கிற ஒரு பொருள் குறைவாக இருக்கும். அந்தக் குழந்தைகள் நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தாலோ, அந்த உருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தினாலோ சிவப்பணுக்கள் உடைந்துபோய், மஞ்சள் காமாலையும் சோகையும் வந்துவிடும். எந்தக் குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பீரோவானாலும் சரி, பூச்சிப் பெட்டியானாலும் சரி, அந்த உருண்டை வேண்டவே வேண்டாம். நடக்கப் பழகிய குழந்தை அதைக் கல்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்கிற ஆபத்து வேறு!

பூச்சியும் சாகக்கூடாது, உருண்டையும் கூடாது, பெண்ணின் மார்க்கும் போகக்கூடாது. என்ன வழி? படம் பிடிப்பதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு செல்போனை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விட்டேன்.

படமா வந்தது? பச்சையாக ஏதோ ஒரு மூட்டம்!

தையல் பெட்டிக்குள் கிடந்த லென்ஸ்

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே துணியின் மேல் வைத்துக் கண்ணிகளை எண்ணுவதற்கு ஒரு சின்னக் கருவி இருக்கும். பிக் கிளாஸ் என்போம். மூன்று மடிப்பாக மடங்குகிற ஒரு தகட்டு ஸ்டாண்டு. கீழ்த்தகட்டில் ஓர் அங்குலச் சதுர ஜன்னல். மேல் தகட்டில் பூதக்கண்ணாடி. துணியில் வைத்துக் குனிந்து பார்த்தால், அங்குலத்துக்கு எத்தனை வரிசை, எத்தனை நிரை என்று எண்ணிவிடலாம். வேலையை விட்டபோது ஞாபகார்த்தமாக ஒன்று விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். தையல் பெட்டியில் பாபின்களோடு பாபினாகக் கிடந்தது.

அதை எடுத்துக் கறிவேப்பிலை இலை ஒன்றின் மேல் வைத்தேன். மேல் தகட்டில் செல்போன் காமிராவை அப்படியே படுக்க வைத்தேன்.

அடடா! இலையின் மேல் கடுகுக்கும் சின்னதாக இருந்த மஞ்சள் புள்ளி, திரையில் வழவழவென்று ஒரு முத்தாக நின்றது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டை! நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற இலைகளில் அது முட்டையிடும். அளவு சுமார் ஒரு மில்லிமீட்டர்.

இது ஏன் இவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகுதான் புரிந்தது. கிட்டத்தில் படம் எடுக்கும்போது இரண்டே இரண்டு எதிரிகள். ஒன்று, கை நடுக்கம். இரண்டு, தூரம். கொஞ்சம் முன்னே போனாலும் மங்கல், பின்னே வந்தாலும் மங்கல். பிக் கிளாஸில் லென்ஸுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தைச் செய்யும்போதே சரியாக வைத்துவிட்டார்கள். காலும் கீழே ஊன்றி நிற்கிறது. நடுங்க எங்கே இடம்? ஜன்னல் ஓரத்தில் அளவுக்கோடு செதுக்கியிருந்தால் அதுவும் படத்தில் விழும். முட்டை எத்தனை பெரியது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

நான்தான் பெரிய விஞ்ஞானி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்புறம் படித்துப் பார்த்தால், எனக்கு முன்னூற்றைம்பது வருஷம் முன்பே ஒரு ஜவுளிக்காரர் இந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்! ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்திருந்த லேவன்ஹூக் (1632–1723). அந்தக் காலத்து ஜவுளி வியாபாரிகள் நூலின் தரம் பார்க்கப் பூதக்கண்ணாடிதான் வைத்துக்கொள்வார்கள். இவர் அதோடு நிற்காமல் தன் கையாலேயே இன்னும் சின்ன, இன்னும் சக்தியுள்ள லென்ஸ்களைத் தேய்த்து, குளத்துத் தண்ணீரைப் பார்த்தார். யாரும் அதுவரை கண்டிராத நுண்ணுயிர்கள் நெளிவதை 1674-ல் கண்டு எழுதினார். துணிக்கடை லென்ஸிலிருந்து கிளம்பிய பாதைதான். திருப்பூரில் இந்த லென்ஸ் இல்லாத செக்கிங் டேபிள் ஏது? நாமும் ஒரு நாள் அதைத் துணியிலிருந்து எடுத்து இலையில் வைத்துப் பார்த்தால் குடி முழுகிவிடாது.

ஸ்டூடியோ தம்பி சொன்ன சாமான்கள்

முட்டை சரி. முட்டை பொரிந்து புழு வந்ததும் பிக் கிளாஸ் கையை விரித்துவிட்டது. புழுவுக்கு உயரம் உண்டல்லவா? முதுகு தெளிவாக விழுந்தால் கால் மங்கும். அதோடு, தகட்டை அதன் மேல் வைத்தால் நசுங்கிவிடுமே! எங்கள் தெருமுனையில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோ ஒன்று உண்டு. அங்கே போய் விசாரித்தேன்.

"ஏனுங்க்கா, பூச்சி படத்துக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தாலும், அந்தத் தம்பி பொறுமையாக ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். புரிந்த வரையில் சொல்கிறேன்.

வயதானவர்கள் பேப்பர் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறார்கள் அல்லவா? காமிராவுக்கும் அதே மாதிரி ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ள வேண்டியதுதான். குளோஸ்-அப் லென்ஸ் என்று பெயர். நம் மூக்குக் கண்ணாடிக்குச் சொல்வதுபோலவே இதற்கும் பவர் உண்டு. பவர் 2 என்றால் அரை மீட்டரிலும், பவர் 4 என்றால் கால் மீட்டரிலும் பொருளை வைக்கலாம். செல்போனில் கிளிப் போட்டு மாட்டுகிற சின்ன லென்ஸும் இதே ஜாதிதான். விலை மலிவு. நடுவில் தெளிவாக விழும், ஓரங்களில் கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு இது போதும் என்பது என் கட்சி.

அடுத்தது வளையங்கள். லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் மாட்டுகிற வெறும் குழாய். உள்ளே கண்ணாடியே கிடையாது! லென்ஸ் முன்னால் தள்ளிப் போகப் போகப் பொருள் பெரிதாக விழும். வெளிச்சம் மட்டும் குறையும். இதையே ஆர்மோனியத் துருத்தி போல இழுத்து நீட்டும்படி செய்த சாமானும் உண்டு. பழைய ஸ்டூடியோக்களில் தூசி படிந்து கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தலைகீழ் வளையம். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டுவதற்கு ஒரு வளையம். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். திருப்பி மாட்டின உடனே அந்தச் சாதாரண லென்ஸ் எறும்பின் கண்ணைக் காட்டும்! ஒரே தொல்லை, பூச்சிக்கு ரொம்பக் கிட்டே மூக்கை நீட்ட வேண்டும். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியும் வெளியில் தெரியும். தூசி, விரல் ரேகை படாமல் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக மேக்ரோ லென்ஸ். இதற்கென்றே செய்தது. பொருள் எத்தனை பெரியதோ அதே அளவுக்கு ஃபிலிமில் விழும்படி எடுக்கும். 1955-ல் ஜெர்மனியின் கில்ஃபிட் கம்பெனி முதல் மேக்ரோ லென்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதில் 50, 100, 180 மில்லிமீட்டர் என்று பல நீளம் உண்டு. உயிருள்ள பூச்சிக்கு நீளமானது நல்லது. 100 மில்லிமீட்டர் லென்ஸில் கொஞ்சம் தள்ளி நின்றே முழு அளவுக்கு எடுத்துவிடலாம்; பூச்சி மிரண்டு பறக்காது. விலையைக் கேட்டபோதுதான் நான் மிரண்டேன்! பல்லாயிரம் ரூபாய். கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

சில செல்போன்களில் மேக்ரோ என்று தனியாகவே ஒரு காமிரா வைத்திருக்கிறார்கள். 2 மெகாபிக்சல் என்று போட்டிருந்தால் அதை நம்பி ஏமாறாதீர்கள். பெரிய காமிராவோடு கிளிப் லென்ஸ் சேர்த்து எடுத்த படம்தான் எனக்கு நன்றாக வந்தது.

எந்தச் சாமானானாலும் ஒரு விஷயம் மாறாது. இத்தனை கிட்டத்தில் தெளிவாக விழுகிற ஆழம் மிகவும் கொஞ்சம். முழு அளவில் எடுக்கும்போது, துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கினாலும்கூட ஒரு மில்லிமீட்டர்தான் தெளிவு! அதனால் பூச்சியின் பக்கவாட்டுக்குச் சமமாகக் காமிராவைப் பிடிக்க வேண்டும். இறக்கை முழுவதும் ஒரே தெளிவாக விழும். முகத்தை எடுத்தால் கண்ணுக்குக் குறி வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கினாலும் உறுத்தாது. போனை அரிசி நிரப்பிய ஒரு சின்னத் துணிப்பையின் மேல் சாய்த்துவிட்டு, இரண்டு செகண்டு டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். முக்காலி வேண்டியதே இல்லை.

வெளிச்சத்துக்கு பனியன் துணி

செல்போன் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பூச்சியின் முதுகு பளீரென்று வெள்ளைத் தழும்பு போல் விழும். வெளிச்சம் சல்லடையில் சலித்த மாதிரி வர வேண்டும். அதற்கு நம்ம ஊரில் பஞ்சமா? ஒரு பழைய அட்டைப் பெட்டியின் மூன்று பக்கமும் ஜன்னல் வெட்டி, மெல்லிய வெள்ளை பனியன் கட்டிங் துணியை ஒட்டினேன். காலை வெயிலில் வாசலில் வைத்தால் உள்ளே பால் போல வெளிச்சம். ஒரு சின்ன சூட்சுமம்: ரொம்ப வெளுத்த துணி வெயிலில் லேசாக நீலம் அடிக்கும், கோராத் துணி லேசாக மஞ்சள் காட்டும். இரண்டையும் போட்டுப் பார்த்து, எது இயற்கை நிறத்துக்குக் கிட்டே இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைச் சுற்றி வட்டமாக எரிகிற விளக்கும் கடையில் கிடைக்கிறது. இது முதலில் பூச்சிக்காக வந்ததில்லை. 1952-ல் லெஸ்டர் டைன் என்பவர் பல் டாக்டர்கள் வாய்க்குள் படம் எடுப்பதற்காகச் செய்தது. நிழலே விழாது. ஆனால், மலிவான சின்ன விளக்குகள் சிலவற்றில் பொத்தான் பாட்டரி இருக்கும். தாய்மார்களே, இது மட்டும் ரொம்ப ஜாக்கிரதை! குழந்தை அதை விழுங்கி, தொண்டைக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஸ்குரூ போட்டு மூடுகிற பாட்டரி அறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பூதக்கண்ணாடியை வெயில் படுகிற இடத்தில் போட்டுவிட்டுப் போகவும் கூடாது. பனியன் வேஸ்ட் மூட்டை கட்டி வைத்திருக்கிற வீடுகளில் நான் சொல்லவே வேண்டாம்.

தொடாமல் தொடுவது எப்படி?

பெட்டியில் ஒட்டியிருந்த அந்தப் பொடி என்ன தெரியுமா? பொடியே இல்லை. வண்ணத்துப்பூச்சி இறக்கையின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கிற செதில்கள். நிறமெல்லாம் அதில்தான் இருக்கிறது. விரலால் பிடித்தால் நிறம் விரலோடு வந்துவிடும். உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது.

தானாகச் செத்த பூச்சி கிடைத்தால், பட்டர் பேப்பரை முக்கோணமாக மடித்து அதற்குள் இறக்கையை மூடின நிலையில் வையுங்கள். பூச்சி ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் கொண்டு போகிறார்கள். எடுக்கவும் வைக்கவும் மிக மெல்லிய வாட்டர் கலர் பிரஷ் போதும், கையே படக்கூடாது. காய்ந்து விறைத்துப்போன பூச்சியை விரிக்கப் போனால் உடையும். ஈரப் பஞ்சு வைத்த மூடி போட்ட டப்பாவில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் இளகிவிடும். பஞ்சின் ஈரம் பூச்சியின் மேல் நேரே படாமல் ஒரு சின்ன மூடியின் மேல் அதை வைக்க வேண்டும். எங்கள் பூச்சி ஏன் வேனில் உடைந்தது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பெரிய இடங்களிலும் இதே கவலைதான். உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி வைத்திருக்கும் ஹெர்பேரியத்தில் அட்டையைக் கவிழ்த்தால் இலை உதிர்ந்துவிடும். அதனால் லண்டன் கியூ தோட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டையைக் கவிழ்க்காமல் ஸ்கேனரையே தலைகீழாகக் கவிழ்த்து மாட்டிவிட்டார்கள்! அட்டை மல்லாந்தபடியே மேலே போய் மெதுவாகத் தொட்டுக்கொள்ளும். நமக்குப் பக்கத்தில் கோயமுத்தூரிலும் இந்தியத் தாவர ஆய்வகத்தின் ஹெர்பேரியம் ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வகம் நாடெங்கும் உள்ள தன் ஹெர்பேரியங்களின் செடிகளை வீட்டிலிருந்தே படமாகப் பார்க்க 2022-ல் ஒரு வழி செய்து வைத்திருக்கிறது.

பூச்சிகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். இங்கிலாந்தில் லெவன் பிஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துப் பூச்சிகளைப் படம் எடுத்தார். 2016-ல் கண்காட்சி. ஒவ்வொரு பூச்சிக்கும் எட்டாயிரத்துக்குக் குறையாத படங்கள்! தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு நகர்த்துவது, ஒரு படம். மறுபடி நகர்த்துவது, இன்னொரு படம். எல்லாவற்றிலும் தெளிவாக விழுந்த பாகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்த்தால் தலை முதல் கால் வரை தெளிவான ஒரே படம். ஒரு பூச்சிக்கே வாரக்கணக்கில் வேலை. நமக்கு ஒரு கோலத்தில் புள்ளி வைத்து முடிப்பதற்குள் குக்கர் விசிலடித்துவிடுகிறது!

எல்லாரையும்விட எனக்கு மனசில் நின்றவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவில் வெர்மாண்ட் என்கிற குளிர் பிரதேசத்தில் விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆசிரியையாக இருந்த அம்மாதான் பதினாலு வயசு வரை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பதினைந்தாவது வயசில் ஒரு மைக்ராஸ்கோப்பையும் கொடுத்தார். பையன் அதில் பனித்துளியின் படிகத்தைப் பார்த்து வரைய உட்காருவான். வரைந்து முடிப்பதற்குள் அது உருகிவிடும். அப்பாவுக்கு இதெல்லாம் வெட்டி வேலை என்று எண்ணம். ஆனாலும் துருத்திக் காமிரா ஒன்று வாங்கித் தந்தார். அதை மைக்ராஸ்கோப்போடு பொருத்தி, அடுப்பு மூட்டாத கொட்டகையில் மூச்சுக்கூட விடாமல் நின்று, 1885 ஜனவரி 15-ஆம் தேதி முதல் படம் எடுத்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. 1931-ல் கண்ணை மூடும் வரை ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்துவிட்டார். மூச்சுக்காற்று பட்டாலே மறைந்து போகிற பொருளை!

எங்கள் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரம்மாவிடம் பேசினேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பல வண்ணத்துப்பூச்சிகளும் சேர்த்தி என்பதையும் மெதுவாகச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு, "சரிங்க, பத்துப் படம், பேரு, தேதி, இடம் எழுதிக் கொடுத்தா மார்க் போட்டுடறேன்" என்றார். நல்ல மனசு.

ஒரு மாசம் எங்கள் வீடே ஆராய்ச்சிக் கூடம்! மூணு நாளில் முட்டை பொரிந்து, பறவை எச்சம் போலவே ஒரு புழு. அப்புறம் அது பச்சையாக மாறி, பிரஷ் பட்டதும் தலையிலிருந்து செந்நிறத்தில் கவட்டைக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விட்டது. என் மாமியார், "இதுக்கு இத்தனை கோவமா!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். எறும்பு, பொறிவண்டு, எருக்கஞ்செடிப் புழு என்று ஒன்பது சேர்ந்துவிட்டது. எதையும் ஃபிரிட்ஜில் வைத்து அசையாமல் பண்ணவில்லை. சிலர் அப்படிச் செய்கிறார்களாம், பாவம். விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் தாமாகவே சோம்பி உட்கார்ந்திருக்கும். அதுதான் படத்துக்கு நேரம்.

பத்தாவது, பின்வாசல் அரளிச் செடியில் கிடைத்தது. இலைக்கு அடியில் வெள்ளித் தாயத்து மாதிரி ஒரு கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருந்தது. அரளி வண்ணத்துப்பூச்சியினுடையது. பாத்திரம் துலக்கி வைத்த மாதிரி அப்படி ஒரு பளபளப்பு! (அரளியில் கை வைத்தால் பிள்ளைகளைக் கையைக் கழுவச் சொல்லுங்கள், பால் விஷம்.) என் பெண் அரிசிப் பையை ஸ்டூலில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளே எடுத்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெள்ளி முதுகில் வளைந்து நெளிந்து எங்கள் வீட்டுப் பின்கதவும், கொடியில் காய்கிற கைக்குழந்தை சட்டையும், செல்போனைப் பிடித்துக்கொண்டு அவளும்! "அம்மா, நானும் விழுந்துட்டேம்மா. அழிச்சிட்டு வேற எடுக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.